ஃபே கதைகளை எங்கிருந்து தொடங்கலாம்?

வேலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டது இது. ஃபே என்றால் ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் மாய ஜனம், ஃபேரி என்றும் சொல்வார்கள். விடுதித் தோழி கொடுத்த ஹாலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' நாவலைக் காட்பாடிக்கும் சென்னைக்கும் இடையே மூன்று ரயில் பயணங்களில் முடித்துவிட்டாராம். "இதே மாதிரி ஃபே கதைகள் இன்னும் என்னென்ன இருக்கு? தங்கைக்குப் பத்து வயசு, அவளுக்கும் ஏதாவது சொல்லுங்க. 'இந்த வயசுல தேவதைக் கதையா'ன்னு அப்பா சிரிக்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்றது? தமிழ்ல இப்படி ஒண்ணுமே கிடையாதா?"

அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சிரிப்பதற்குக் காரணம் ஒரு சொல். தேவதை என்றதும் இன்று நமக்குத் தோன்றுவது வெள்ளை கவுன், முதுகில் ஜிகினா ஒட்டிய இறக்கை, கையில் நட்சத்திரம் செருகிய குச்சி. பள்ளி ஆண்டு விழா மேடையில் பார்த்த உருவம். ஆனால் எல்லைத் தேவதை, வன தேவதை, துஷ்ட தேவதை என்று ஊரில் பெரியவர்கள் சொல்லும்போது யாருக்காவது கவுன் ஞாபகம் வருகிறதா? வராது. பொங்கல் வைக்க மறந்துவிட்டோமோ என்ற பதற்றம்தான் வரும். ஃபே என்பவர்கள் இந்த இரண்டாவது வகை. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் ஏதாவது கிராமத்திலிருந்து வந்தவர் என்றால் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

என் ஆயா ஊர் ஒடுகத்தூர்ப் பக்கம். ஏரிக்கரையில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய ஏழு கல். ஏழு கன்னிமார். "உச்சி வேளைல ஏரிக்கரைப் பக்கம் போவாதடி, கன்னிமாருங்க குளிக்கிற நேரம் அது" என்பாள் ஆயா. பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அடித்துவிடும், கொன்றுவிடும் என்றெல்லாம் சொல்லவில்லை. "பாத்தவன் திரும்பி வருவான். ஆனா முழுசா வரமாட்டான்" என்றாள். பல வருடங்கள் கழித்து ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளைப் படித்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் ஆயாவின் அந்த வாக்கியம்தான் வேறு வேறு வேஷத்தில் வந்துகொண்டிருந்தது.

பொருத்தம் அதோடு நிற்கவில்லை. அந்த நாட்டு மக்கள் ஃபே இனத்தாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'நல்ல அயலார்', 'சீமான்கள்', 'நல்ல ஜனம்' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். கொத்தினால் ஆளை முடித்துவிடும் ஒன்றுக்கு நாம் நல்ல பாம்பு என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதே கணக்கு. ராத்திரியில் அதையும் சொல்லாமல் பூச்சி என்போம். அம்மை போட்டால் 'அம்மா வந்திருக்கா' என்போம். பயப்படுவதை முகத்துக்கு நேரே புகழ்வது இரண்டு இடத்திலும் ஒரே தந்திரம்.

இரும்பு ஃபே இனத்தாருக்கு ஆகாது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் அரிவாளோ கத்தியோ வைப்பதும், கறிக்குழம்பு எடுத்துப் போகும் தூக்கில் ஆணியும் கரித்துண்டும் போடுவதும் எதற்கு? அங்கே, அவர்களிடம் உன் பெயரைக் கொடுக்காதே என்பார்கள். இங்கே, ராத்திரியில் மூன்று தரம் கூப்பிடாமல் ஏன் என்று கேட்காதே என்பார்கள். அவர்கள் கொடுப்பதைத் தின்றால் திரும்ப முடியாது. அவர்கள் நாட்டில் ஒரு நாள் தங்கினால் இங்கே தலைமுறை கழிந்துவிடும். அயர்லாந்துப் பழங்கதை வீரன் ஆஷீன் மூன்று வருடம் இருந்ததாக நினைத்துத் திரும்பினால் இங்கே முந்நூறு வருடம் ஓடியிருக்கிறது. மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போன ககுத்மி ராஜா, அங்கே ஒரு பாட்டு முடியும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டால், 'நீ நினைத்த மாப்பிள்ளைகள் எல்லாரும் செத்து இருபத்தேழு சதுர்யுகம் ஆகிவிட்டது' என்கிறார் பிரம்மா. பாகவதத்தில் இருக்கிறது.

நிலமும் அப்படித்தான். அயர்லாந்தில் பழைய காலத்து மண்வளையக் கோட்டைகள் ஆயிரக்கணக்கில் வயல்களுக்கு நடுவே கிடக்கின்றன. அவை ஃபேரிகளின் வீடு என்று உழவர்கள் ஏர் பூட்டாமல் விட்டதால்தான் பல இன்னும் மிஞ்சியிருக்கின்றன. 1999-ல் கிளேர் மாவட்டத்தில் புது நெடுஞ்சாலை போடும்போது ஒரு ஒற்றை முள்மரத்தை வெட்டக் கூடாது, அது அவர்கள் கூடும் இடம் என்று கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுக்க, மரம் தப்பியது. நம் ஜவ்வாது மலையில் பெருங்கற்காலத்துக் கற்பலகை அறைகளைக் குள்ளர் வீடு என்கிறார்கள். தொல்லியல்காரர் ஈமச்சின்னம் என்பார், மலைக்காரர் குள்ளர் வீடு என்பார். அம்மன் மரத்துக்காக வளைந்து போகும் சாலைகளைக் கணக்கெடுத்தால் நம் பழைய வட ஆற்காடு அயர்லாந்துக்குச் சளைத்ததில்லை.

பின்னே இறக்கை எங்கிருந்து வந்தது? பூவுக்குள் ஒளியும் குட்டி உருவத்தை ஷேக்ஸ்பியர் காலத்து மேடை பிரபலமாக்கியது. (அவருடைய 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் ஃபேரி ராஜாவும் ராணியும் சண்டை போட்டுக்கொள்வது ஒரு இந்தியப் பிள்ளைக்காக. அந்தப் பிள்ளை கடைசி வரை மேடைக்கு வருவதே இல்லை. நம் பக்கத்துப் பிள்ளையாக இருக்குமோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.) விக்டோரியா காலத்து ஓவியர்கள் இறக்கையைப் பிரபலமாக்கினார்கள். 1904-ல் மேடையேறிய 'பீட்டர் பேன்' மின்மினி போல ஒரு டிங்கர் பெல்லைக் கொடுத்தது. 1917-ல் காட்டிங்லி என்ற ஊரில் 16 வயது எல்சியும் 9 வயது ஃபிரான்சிஸும் காகிதத்தில் வரைந்து வெட்டிய ஃபேரிகளைத் தொப்பி ஊசியால் நிறுத்திப் படம் பிடித்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் அதை அப்படியே நம்பி 1920-ல் பத்திரிகையில் எழுதினார். அந்தப் பெண்கள் உண்மையை ஒப்புக்கொண்டது 1983-ல், கிழவிகளான பிறகு. துப்பறியும் கதை எழுதினவரே ஏமாந்தால் நாம் எம்மாத்திரம்.

ஆகவே என் பரிந்துரைக்கு ஒரே அளவுகோல்தான். பயமும் வாக்கும் இருக்கிறதா என்று பார்ப்பேன். அழகான ஆளுக்குக் கூர்க்காது வைத்து, வில்லும் வாளும் கொடுத்துவிட்டால் அது ஃபே கதை ஆகிவிடாது. அவர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது நமக்கு முழுதாகப் புரியவே கூடாது. ஆனால் சொன்ன சொல்லை மீற முடியாதவர்களாக இருக்க வேண்டும்.

'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018) இந்தச் சோதனையில் தேறிய புத்தகம். அதில் நல்ல இடம் காதல் இல்லை என்பேன். ஃபே இனத்தாரால் பொய் சொல்ல முடியாது, மனிதப் பெண் ஜூடால் முடியும். வலிமை, ஆயுள், அழகு, மாயம் எல்லாவற்றிலும் தோற்ற ஒருத்திக்குக் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் பொய். அதை வைத்து அரசவையையே ஆட்டிவைக்கிறாள். அடுத்த இரண்டு பாகங்களும் 2019-ல் வந்தன. இரண்டாம் பாகம் 'தி விக்கெட் கிங்' மூன்றிலும் சிறந்தது. மூன்றாவது அவசரமாக முடிகிறது. தொடங்கியாயிற்று, படித்துவிடுங்கள்.

விடுதியில் எல்லார் கையிலும் இருக்கும் சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' வரிசையைப் பற்றியும் கேட்பீர்கள். அது காதல் கதை, பெரியவர்களுக்கானது, ஃபே அங்கே பின்னணித் திரை. காதல் வேண்டுமென்றால் தாராளமாகப் படியுங்கள். தங்கையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஜூடின் பேரம் பேசும் புத்தி பிடித்திருந்தால் அடுத்தது நவோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்' (2018). மிரியெம் ஒரு வட்டிக்கடைக்காரர் மகள். அப்பா நல்லவர், அதனால் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வாய் வராது. கடன் வாங்கினவர்கள் நன்றாகச் சாப்பிட, இவர்கள் வீட்டில் அடுப்பு அணைகிறது. ஒரு நாள் பெண் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வசூலுக்குக் கிளம்புகிறாள். கறாராக வசூலிக்கிறாள். வெள்ளியைத் தங்கமாக்குவேன் என்று அவள் பெருமையாகச் சொன்ன ஒரு வார்த்தை, பனிநாட்டு ஃபே இனமான ஸ்டாரிக்குகளின் ராஜா காதில் விழுகிறது. அவர்களுக்கு வார்த்தை என்றால் வார்த்தை. மூன்று முறை வெள்ளிக்காசு பையோடு வாசலில் வந்து நிற்கிறான். பிறகு அவளையே கொண்டுபோகிறான். அங்கே அவள் அழுதுகொண்டிருப்பதில்லை, தினமும் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவனிடமே ஒப்பந்தம் போடுகிறாள். வார வட்டி, மீட்டர் வட்டி என்றால் என்ன என்று தெருவில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நாவலில் விளக்கவுரை தேவைப்படாது. மிரியெமின் குடும்பம் யூதக் குடும்பம். ஊர் அவர்களிடம் கடனும் வாங்கும், வெறுக்கவும் செய்யும். அந்தக் கசப்பை நோவிக் மறைக்கவில்லை.

இனி என் மனசுக்கு மிகவும் நெருங்கிய புத்தகம். சுசானா கிளார்க்கின் 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்' (2004). எண்ணூறு பக்கத்துக்குக் கிட்டே வரும், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. நெப்போலியன் யுத்த காலத்து இங்கிலாந்தில் இரண்டு மந்திரவாதிகள். முதல் நூறு பக்கம் மெதுவாகப் போகும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். செத்துப்போன ஒரு இளம்பெண்ணை உயிர்ப்பிக்க நோரல், பஞ்சு போன்ற வெள்ளை முடிக்காரனான ஒரு ஃபேரியைக் கூப்பிடுகிறார். கூலி என்ன என்றால், 'அவள் ஆயுளில் பாதி' என்கிறான். நோரல் கணக்குப் போடுகிறார். இன்னும் எழுபத்தைந்து வருடம் இருப்பாள், அதில் பாதி போனால் என்ன, எப்போதோ வரப்போகும் சாவு கொஞ்சம் முன்னால் வரும், அவ்வளவுதானே. சரி என்கிறார். ஃபேரி எடுத்துக்கொண்ட பாதி எது தெரியுமா? அவளுடைய ஒவ்வொரு ராத்திரியும். கண் மூடினால் அவன் மாளிகையில் நடனம், விடியும் வரை நடனம், முடிவே இல்லாத நடனம். பகலில் அவள் இங்கே களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். யாரிடமாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் சம்பந்தமில்லாத ஏதோ பழங்கதை வாயிலிருந்து வருகிறது. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்கிறார்.

அந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரின் கதை இது, ஆனால் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், நிலத்தை இழந்தவர் வேறொருவர். என் சித்தி ஒருத்திக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பேச்சே குறைந்துபோனது. கேட்டால் எதையாவது தொடர்பில்லாமல் சொல்வாள். காத்து கருப்பு என்றார்கள், மந்திரித்தார்கள். அவளுடைய ராத்திரிகளை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஃபே கதைகள் சிறு பிள்ளைகளுக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு ராத்திரிகளை இழந்த அந்த இளம்பெண்தான் (நாவலில் அவள் பெயர் 'லேடி போல்') நினைவுக்கு வருவாள், கூடவே சித்தியும். அதே நாவலில் ஸ்டீபன் பிளாக் என்ற கறுப்பினத்து வீட்டு நிர்வாகி வருகிறான். அவனுக்கு ராஜ யோகம் கொடுத்தே தீருவேன் என்று அதே ஃபேரி அடம்பிடிக்கிறான். அன்பு காட்டுகிறவர்களிடம் மாட்டிக்கொள்வது வெறுக்கிறவர்களிடம் மாட்டுவதைவிட மோசம் என்று அவன் மூலமாகத் தெரிந்துகொள்வீர்கள். 2015-ல் பிபிசி இதை ஏழு பாகத் தொடராக எடுத்தது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடிக்குறிப்புகளை யார் நடிக்க முடியும்?

எண்ணூறு பக்கம் பயமுறுத்தினால் 1926-ல் வந்த ஹோப் மிர்லீஸின் 'லட்-இன்-தி-மிஸ்ட்' எடுங்கள். வியாபாரிகள் ஆளும் ஒரு கண்ணியமான ஊர். பக்கத்திலேயே ஃபேரி நாடு, அங்கிருந்து ஆற்றோடு ஒரு கள்ளச் சரக்கு வருகிறது, ஃபேரிப் பழம். தின்றவர்கள் பாட்டெழுதத் தொடங்குவார்கள், வேலையை விடுவார்கள், ஒரு நாள் எல்லை தாண்டிக் காணாமல் போவார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தப் பழத்தின் பெயரைச் சொல்வதே அசிங்கம், அதனால் சட்டத்தில் அதற்குப் பட்டுத்துணி என்று பெயர். கடத்தினவன் மேல் பட்டுக் கடத்தல் வழக்கு நடக்கும்! ஆரணிப் பட்டுக்கு இப்படி ஒரு இரட்டை அர்த்தம் வந்துவிடக் கூடாதே என்று சிரித்துக்கொண்டே படித்தேன். நகர மேயர் சான்டிகிளியர், தொந்தியும் மரியாதையுமாக இருக்கிற மனிதர், தன் மகனே அந்தப் பழத்தைத் தின்றுவிட்டான் என்று தெரிந்ததும் என்ன ஆகிறார் என்பதுதான் கதை. கொலை விசாரணையும் நடுவில் வருகிறது. பாதிக்கு மேல் அது துப்பறியும் நாவலாகவே ஓடும்.

இதற்கு இரண்டு வருடம் முன்னால், 1924-ல், டன்சனி பிரபுவின் 'தி கிங் ஆஃப் எல்ஃப்லேண்ட்ஸ் டாட்டர்' வந்தது. நடை பழைய புராணத் தமிழ் போல நீண்டு உருளும். அவசரமாகப் படிக்க முடியாது, ராத்திரி இரண்டு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். மனிதனைக் கட்டிக்கொண்டு வந்த ஃபேரி இளவரசிக்கு இங்கே எதை எப்போது கும்பிட வேண்டும், எதற்குச் சிரிக்கக் கூடாது என்றே பிடிபடாது. ஊர்வசியைக் கட்டிக்கொண்ட புரூரவஸின் வீட்டிலும் இதே தொல்லைதானே. டன்சனி இறந்தது 1957-ல். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருடம் ஆனால் காப்புரிமை முடியும், எனவே 2018 முதல் இது இங்கே பொதுச் சொத்து. காசில்லாமல் படிக்க வேண்டுமென்றால் கிறிஸ்டினா ரோசெட்டியின் 'காப்ளின் மார்க்கெட்' என்ற 1862 நெடுங்கவிதையும், கவிஞர் யேட்ஸ் தொகுத்த 1888 ஆண்டு அயர்லாந்துக் கதைகளும் குட்டன்பர்க் தளத்தில் கிடைக்கும். 'காப்ளின் மார்க்கெட்' முழுக்கப் பழ வியாபாரிகளின் கூவல். வாய்விட்டுப் படியுங்கள், வேலூர் நேதாஜி மார்க்கெட் சாயங்காலம் மாதிரி இருக்கும், ஆனால் அந்தப் பழத்தை வாங்காதீர்கள்.

மாற்றுக் குழந்தை என்று ஒரு நம்பிக்கை. வீட்டுப் பிள்ளையை அவர்கள் எடுத்துக்கொண்டு, அதே முகமுள்ள தங்கள் ஆள் ஒன்றையோ மரக்கட்டையையோ தொட்டிலில் போட்டுப் போவார்கள். ஃபிரான்சிஸ் ஹார்டிஞ்சின் 'குக்கூ சாங்' (2014) இதைத் திருப்பிப் போடுகிறது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் ட்ரிஸ் என்ற பெண் குளத்தில் விழுந்து பிழைத்து எழுகிறாள். எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. காலையில் தலையணையில் காய்ந்த இலைகள். கத்தரிக்கோல் அவளைக் கண்டால் துள்ளுகிறது. தங்கை மட்டும் அவளைப் பார்த்து அலறுகிறாள். நான்தான் மாற்று என்று ஒருத்திக்குத் தெரியவரும்போது, அவள் பக்கம் நின்று கதை கேட்கிறோம். இவ்வளவு மென்மையான பயத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதைப் படித்த பிறகு, மனம் திடமாக இருந்தால், நாவல் அல்லாத ஒன்று: ஏஞ்சலா பர்க் எழுதிய 'தி பர்னிங் ஆஃப் பிரிஜெட் கிளியரி' (1999). 1895 மார்ச் மாதம், அயர்லாந்தின் டிப்பரரியில், 26 வயதுத் தையல்காரப் பெண் உடம்பு சரியில்லாமல் படுத்தாள். இது என் பெண்டாட்டி இல்லை, அவர்கள் மாற்றி வைத்த ஆள் என்று புருஷன் மூலிகை புகட்டினான், பெயரைச் சொல்லச் சொல்லி மிரட்டினான், கடைசியில் நெருப்பு வைத்தான். உறவினர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். அவள் சொந்தமாகச் சம்பாதித்தவள், பிள்ளை இல்லாதவள், ஊருக்குக் கொஞ்சம் அதிகமாக உடுத்தினவள் என்பதையெல்லாம் பர்க் பொறுமையாகக் கோத்துக் காட்டுகிறார். வேப்பிலை அடித்துப் பேயோட்டுவதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்த என்னால் அந்தப் புத்தகத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

மிஷன் பள்ளியில் படித்தவராக இருந்தால் ஜனெட் இங்கின் 'அண்டர் தி பெண்டுலம் சன்' (2017) உங்களுக்கு என்று எழுதினது போல இருக்கும். ஃபேரி நாட்டுக்குப் போன பாதிரியான சகோதரனைத் தேடிச் சகோதரி போகிறாள். அந்த நாட்டில் சூரியன் ஊசல் மாதிரி ஆடும். அந்த மக்களுக்கு ஆத்மா உண்டா, ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 1853-ல் ஸ்கட்டர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய மண் நம்முடையது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தந்த ஐடா ஸ்கட்டர் அதே குடும்பத்துப் பெண். வந்து இறங்கியவர்களுக்கு நம் ஏரிக்கரைக் கன்னிமாரும் மயானக் கொள்ளைத் திருவிழாவும் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே படித்தேன். ஒரு எச்சரிக்கை: இருண்ட கதை, பிற்பாதியில் சில இடங்கள் முகத்தைச் சுளிக்க வைக்கும்.

பரீட்சை முடிந்து களைப்பாக இருந்தால் ஹெதர் ஃபாசெட்டின் 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்' (2023). 1909-ல் ஒரு கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காரி, மனிதர்களோடு பேசவே தெரியாதவள், பனிக்கிராமத்தில் ஃபேரிகளைக் கள ஆய்வு செய்கிறாள். நாட்குறிப்பு நடை, பெரிய நாய், எரிச்சலூட்டும் அழகன் ஒருவன். டீயோடு படிக்க நல்லது.

தமிழில் இல்லையா என்ற கேள்வி. நாவலாக, இந்தக் கண்ணோடு எழுதினது எனக்குத் திருப்தியாக ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் பழைய இலக்கியத்தில் கொட்டிக் கிடக்கிறது. திருமுருகாற்றுப்படையில் மலைச்சோலையில் கூடி ஆடும் தெய்வப் பெண்களான சூரரமகளிர் யார்? வள்ளுவர் 'அணங்குகொல்' என்று தொடங்கும் 1081-ம் குறளில், எதிரே நிற்பவள் பெண்தானா என்றே தலைவனுக்குச் சந்தேகம். ஃபே என்பதற்கு எனக்குத் தமிழில் ஒரு சொல் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அணங்கு என்பேன். அழகு, வருத்தம், தெய்வம், பயம் நான்கும் அதற்குள் இருக்கின்றன.

முழுக் கதையாக வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. பள்ளியில் அதை வழிப்பயணம் என்று இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். மதுரைக்குப் போகும் வழியைச் சொல்லும் மறையவர், ஒரு மலைக்குகையைப் பற்றிச் சொல்கிறார். உள்ளே மூன்று பொய்கைகள். குகைக்குள் வரோத்தமை என்ற ஒருத்தி நின்று, இம்மைக்கும் மறுமைக்கும் இன்பம் எது என்று கேட்பாள், பதில் சொன்னவர்களுக்குக் கதவு திறக்கும். மலைக்குள் ஒரு நாடு, வாசலில் விடுகதை. ஸ்காட்லாந்துக்காரன் கேட்டால் இது எங்கள் கதை என்று சொந்தம் கொண்டாடுவான். அந்தப் பக்கம் நாம் போக வேண்டியதில்லை என்று வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் தடுத்துவிடுகிறார். பிறகு கோவலன் தாகத்துக்குத் தண்ணீர் தேடித் தனியாகப் பொய்கைக்குப் போகிறான். அங்கே கானுறை தெய்வம் ஒன்று, மாதவியின் தோழி வயந்தமாலை உருவத்தில் வந்து, அவன் காலில் விழுந்து அழுகிறது. அவனுக்குச் சந்தேகம் தட்டி மந்திரம் சொல்கிறான். அது வேஷத்தைக் கலைத்து, 'நான் வனசாரிணி, உன்னை மயக்கினேன், இதை உன் மனைவியிடமும் அந்தத் தவமுதல்வியிடமும் சொல்லாமல் போ' என்று கேட்டுக்கொள்கிறது. மாட்டிக்கொண்டதில் அதற்கு வெட்கம்! கோவலன் தாமரை இலையில் தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பி வருகிறான். என் ஆயா சொன்ன கணக்குப்படி அவன் முழுசாக வந்தானா என்று இளங்கோ சொல்லவில்லை. அப்பாவுக்கு இந்தப் பகுதியைக் கொடுங்கள், உரையோடு.

தங்கைக்கு டெரி பிராட்செட்டின் 'தி வீ ஃப்ரீ மென்' (2003). ஆடு மேய்க்கும் குடும்பத்தில் ஒன்பது வயது டிஃபனி. ஃபேரி ராணி தம்பியைத் தூக்கிக்கொண்டு போக, வாணலியை எடுத்துக்கொண்டு மீட்கக் கிளம்புகிறாள். வாணலி ஏன் என்றால், இரும்பு. துணைக்குக் குடித்துச் சண்டை போடும் நீல நிறக் குள்ளர் கூட்டம். அவர்கள் பேசும் ஸ்காட்லாந்துக் கொச்சை பத்து வயதுப் பிள்ளைக்கு முதலில் புரியாது, அதனால் நீங்கள் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அது சிரமமென்றால் டோனி டிடெர்லிஸியும் அதே ஹாலி பிளாக்கும் சேர்ந்து செய்த 'ஸ்பைடர்விக் க்ரானிக்கிள்ஸ்', 2003, 2004-ல் வந்த ஐந்து சின்னப் புத்தகங்கள், படம் நிறைய. ஆனால் முதலில் டிஃபனியை முயன்று பாருங்கள். ஆரம்பத்திலேயே ஓர் இடம் வரும். ஆற்றுக்குள்ளிருந்து பச்சைப் பல்லோடு ஜென்னி எழும்பி வருகிறாள், கரையோரம் வரும் பிள்ளைகளை இழுத்துப் போகிறவள். டிஃபனி வீட்டுக்கு ஓடிவந்து புத்தகத்தில் அது என்ன பிராணி என்று தேடிப் பார்த்துவிட்டு, வாணலியை எடுத்துக்கொண்டு, தம்பியை மிட்டாய் காட்டிக் கரையில் உட்கார வைத்துக் காத்திருக்கிறாள். தம்பியைத் தூண்டில் புழுவாக வைத்த அக்காவை உங்கள் தங்கைக்கு உடனே பிடித்துவிடும். உங்களுக்குத்தான் கொஞ்சம் கலக்கமாக இருக்கும்.